நீ நேர்ந்த மொட்டை

பாசமுள்ள பாக்கியம் அக்காவுக்கு,

பாசத்தில்தான் தொடங்குகிறேன். போகப் போகச் சண்டையாகிவிடும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உனக்கு முதல் திதி வருகிறது. அத்தான் நினைவு மலர் அச்சடிக்கிறார். முன்பக்கத்தில் உன் கல்யாணப் படம், உள்ளே சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுத வேண்டுமாம். "கூடப் பொறந்தவ நீ. நல்லதா நாலு வரி எழுதிக் குடும்மா, படிச்சா கண்ணீர் வரணும்" என்றார். மற்றவர்கள் எழுதியதை வாசித்தும் காட்டினார். நீ கோபமே பட்டதில்லையாம். யார் மனதும் நோக ஒரு சொல் சொன்னதில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார், எடுத்துக்கொள்ளட்டும்.

நான் நடந்ததை எழுதப்போகிறேன். அத்தான் இதை அச்சில் போடுகிறாரோ, மடித்துப் பெட்டிக்கடியில் வைக்கிறாரோ, அது அவர் பாடு. நீ எப்படியும் வாசித்துவிடுவாய். அடுத்தவர் கடிதத்தை நீ வாசிக்காமல் விட்டதுண்டா?

ஃபெமியிலிருந்து தொடங்க வேண்டும். தெரியாதவர்களும் வாசிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபெமி என் புருஷன். நைஜீரியாவிலிருந்து யாங்கோனுக்குப் பந்து விளையாட வந்தவன், யோருபா இனத்தான். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்ன அன்று உன் வாயிலிருந்து வந்த முதல் சொல் 'கப்பலி'. பர்மாக்காரர்கள் ஆப்பிரிக்கர்களைக் கேவலமாகச் சொல்கிற சொல் அது. இந்தியர்களை அவர்கள் இளக்காரமாகச் சொல்கிற சொல் 'கலா'. பஸ்ஸில் எவனாவது நம்மைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு உனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் காட்டுவாய் கோபத்தை. அப்படிப்பட்ட உனக்கு இன்னொருத்தனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எப்படி வாய் வந்தது?

சரி, அது போகட்டும். மீனா பிறந்ததும் நீ மாறினாய். உனக்குப் பிள்ளை இல்லை, என் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாய். ஃபெமிக்கு முழங்கால் போனது, ஆட்டம் போனது. லாகோஸுக்குப் போய் எங்களை அழைத்துக்கொள்கிறேன் என்றவன் அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். நான் ஷ்வேப்யிதாவில் தையல் ஃபேக்டரிக்குப் போனேன். விடியும் முன்னே பிள்ளையைக் கியாக்டடாவில் உன் மூன்றாம் மாடி வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். நீ குளிப்பாட்டினாய், ஊட்டினாய், கன்னத்தில் தனகா மரச்சாந்து பூசினாய். பால்கனியில் தொங்கும் கயிற்றை அவள் கையில் கொடுத்துத் தெருவிலிருந்து பலகாரப் பொட்டலத்தை இழுக்க வைத்தாய். நான் எதையும் மறக்கவில்லை. ஆனால் அவள் தலைமுடி மட்டும் உன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்துச் சீப்பைப் போட்டு இழுப்பாய். சீப்பு உடையும், பிள்ளை அலறும், நீ அவளையும் திட்டி என்னையும் திட்டுவாய். "இதுக்குள்ள குருவி முட்டை போட்டாக்கூடத் தெரியாதுடி" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லுவாய். சுருட்டை முடி அக்கா அது, வேர்வரைக்கும் சுருட்டை. நீ இழுத்தால் அது நீளுமா?

ஃபெமி விட்டுப் போனாலும் அவன் அக்கா எங்களை விடவில்லை. பெயர் பூன்மி. முறைப்படி எனக்கு அண்ணி, மீனாவுக்கு அத்தை. மீனாவுக்கு நாலு வயது நடக்கும்போது லாகோஸிலிருந்து ஒரு தரம் வந்து எங்களோடு தங்கினாள். உன் வீட்டுக்கு வந்த அன்று பிள்ளையின் தலையைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டாள். அலசிக் காயவைத்து, முக்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவே இருத்திக்கொண்டாள்.

அதை நீ அடுப்படி வாசலில் நின்று பார்த்தாய், ஞாபகமிருக்கும். சீப்பின் வால் முனையால் வகிடெடுத்து, நெற்றி ஓரத்தில் கொஞ்சம் முடியைப் பிடித்து, தலையோடு ஒட்டினாற்போல் பின்னிக்கொண்டே, போகப் போக அடுத்தடுத்த முடியைச் சேர்த்துக்கொண்டு உச்சிக்கு ஏறினாள். அப்புறம் அடுத்த வரிசை. எல்லா வரிசையும் உச்சியில் வந்து ஒரு சின்னக் கூடை கவிழ்த்தாற்போல் குவிந்தது. அதற்கு 'சூக்கு' என்று பெயர் சொன்னாள். பிள்ளை பாதியிலேயே தூங்கிவிட்டது. அந்தத் தலையில் சீப்புப் பட்டு அவள் தூங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின்னிக்கொண்டே அண்ணி பேசினாள். அவள் இங்கிலீஷ் பாதி, என் இங்கிலீஷ் கால், மிச்சம் கை. முன்காலத்தில் அவர்கள் ஊரில் ஒரு பெண்ணின் பின்னலைப் பார்த்தே கன்னியா, கல்யாணமானவளா என்று சொல்லிவிடுவார்களாம். தலைக்குள்ளேதான் ஒருத்தரின் விதி குடியிருக்கிறது, அதற்கு 'ஓரி' என்று பெயர், அதனால் கண்டவர்களும் தலையைத் தொடக் கூடாது என்றாள். நாமும் தலையெழுத்து என்றுதானே சொல்கிறோம், எனக்கு உடனே புரிந்தது. கீழே விழுந்த முடியை ஒரு இழைவிடாமல் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

நீ வாசலில் நின்றபடி, "புள்ள தலைய வயக்காடாட்டம் உழுது வச்சிருக்கா பாரு" என்றாய். என்ன சொல்கிறாள் என்று அண்ணி கேட்டாள். அழகாக இருக்கிறது என்று சொல்கிறாள் என்றேன் நான். அவள் எழுந்து வந்து உன் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நீ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாய். அவள் கையில் எண்ணெய் இருந்தது என்று பிற்பாடு சொன்னாய், நான் நம்பவில்லை.

போகும்போது மீனாவுக்கு ஒரு துணி கொடுத்துவிட்டுப் போனாள். கெலே. அவர்கள் பெண்கள் கல்யாணம், திருவிழாவுக்குத் தலையில் கட்டுகிற துணி. கருஞ்சிவப்பில் பொன் இழை ஓடும், காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். அதை மடித்து மடித்துத் தலையில் கட்டிக்கொண்டு அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் நடந்தபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மீனா பெரியவளாகி நல்ல காரியத்துக்குப் போகும்போது கட்டட்டும் என்று சொல்லித் தந்த துணி அது. அந்தத் துணிக்கு வருகிறேன், இரு.

அவள் விமானம் ஏறி ஒரு மாதம் ஆகவில்லை. கியாக்தான் பக்கத்து அம்மன் கோயிலில் திருவிழா. எனக்கு ஞாயிறும் வேலை. பிள்ளைக்குத் தேர் காட்டிவிட்டு வருகிறேன் என்று கூட்டிப்போனாய். சாயந்தரம் நான் படியேறி வந்தால், மீனா தலை நிறையச் சந்தனத்தோடு உட்கார்ந்து பொங்கல் தின்றுகொண்டிருக்கிறாள். சூக்கு இல்லை, ஒரு மயிர் இல்லை.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு. அம்மனுக்கு மூணு மொட்டை நேர்ந்திருக்கேன், இது மொத மொட்டை. இனிமே முடி படிஞ்சு வளரும் பாரு. மாமன் மொறைக்கு அத்தான் மடியிலதான் உக்கார வச்சோம்" என்றாய். முகத்தில் என்ன பூரிப்பு உனக்கு.

"யாரக் கேட்டுச் செஞ்ச?"

"அம்மனக் கேட்டு."

"பெத்தவ நான் இருக்கேன்ல?"

"நீ பெத்த. நான் வளக்குறேன்."

இதைச் சொல்லிவிட்டு எனக்கும் பொங்கல் வைத்தாய் பார். அந்தத் தட்டை நான் தொடவில்லை. பிள்ளை அன்று தூக்கத்தில் கையை உச்சிக்குக் கொண்டுபோய்க் குவியலைத் தேடினாள். அது உனக்குத் தெரியாது, நீ பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணி ஃபோனில் கூப்பிட்டாள். திரையில் பிள்ளையின் தலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "யார் செத்தது?" அவர்கள் பக்கத்தில் இழவுக்குத்தான் தலையை மழிப்பார்களாம். யாரும் சாகவில்லை அண்ணி, சாமிக்குக் கொடுத்தோம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. "அப்படியென்றால் முடி எங்கே?" என்றாள்.

முடி எங்கே அக்கா? நீ அதைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாய். நீளமான நேர்முடி என்றால் சாக்கோடு வந்து வாங்கிப் போகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. என் பிள்ளையின் சுருள்களை யார் வாங்கியிருப்பார்கள்? கூட்டித் தள்ளியிருப்பார்கள். புத்தரின் தலைமுடியை உள்ளே வைத்து அதன்மேல் பொன்னைக் கொட்டிக் கோபுரம் எழுப்பிய ஊரில் இருக்கிறோம் நாம். இங்கே என் பிள்ளையின் முடி விளக்குமாற்றோடு போயிற்று.

முடி வளர்ந்தது. அதே சுருள், முன்னைவிட அடர்த்தி. அம்மன் உனக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டாள், உனக்குத்தான் காது கேட்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டாவது மொட்டைக்கு நாள் பார்த்தாய். நான் பிள்ளையை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு ஷ்வேப்யிதாவிலேயே ஒரு அறை பார்த்துப் போய்விட்டேன். அப்புறம் தீபாவளிக்கு வருவேன், சாப்பிடுவேன், போவேன். உன்னோடு பேசியது அவ்வளவுதான்.

மீனா தன் தலையைத் தானே கற்றுக்கொண்டாள். ஃபோனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து, அங்கே அத்தை ஒரு வரிசை பின்ன, இங்கே இவள் ஒரு வரிசை பின்னுவாள். தப்பினால் அவிழ்த்து மறுபடி. கை கடுத்து அழுவாள், ஆனால் விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற ஒரு சேயாமா தொட்டுப் பார்த்து, இதை யார் பின்னிவிட்டது என்று கேட்டாராம். "நானே" என்றாளாம். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை உன்னிடம் வந்து சொல்ல ஆசையாக இருந்தது, சொல்லவில்லை.

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் உன் கட்டிலைச் சுற்றி எல்லாரும் நிற்கையில் அத்தான் என் முகத்துக்கு நேரே சொன்னார், "சாமிக்கு நேர்ந்தத நிறுத்தி வச்சா இப்பிடித்தான் ஆகும்." நான் உன்னைப் பார்த்தேன். நீ ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் இல்லை, அவளை விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நினைவோடுதான் இருந்தாய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மொட்டை போட்டதைக்கூட ஒரு நாள் மன்னித்துத் தொலைப்பேன் அக்கா, அந்தத் திரும்பலை மாட்டேன்.

மருந்தில் உன் முடி கொட்டியது. மீனா பள்ளிக்கூடம் விட்டு எனக்குத் தெரியாமல் உன் வீட்டுக்கு வந்துபோயிருக்கிறாள். உன் தலையணையில் கிடந்ததை இழை இழையாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள், அத்தை செய்ததுபோல. ஒரு நாள் நான் கஞ்சி கொண்டு மாடியேறி வந்தபோது நீ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய், தலையில் அந்தக் கெலே. மீனா பின்னால் நின்று கடைசி மடிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நானாத்தான் கேட்டேன். எப்பிடிடி இருக்கேன்?" என்றாய் என்னிடம்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாய்? வயக்காடு என்று சொன்னவள் நீ, கையைத் துடைத்தவள் நீ. நான் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது உனக்கு. எடுப்பாக, மிடுக்காக, இந்த வீட்டுக்கு நான்தான் பெரியவள் என்று சொல்கிறாற்போல் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போகும்போதும் அதைக் கழற்ற விடவில்லை நீ. "இத அவுத்துடாதீங்க" என்றாயாம், மீனாவும் தலையாட்டிவிட்டாள். அவள் நல்ல காரியத்துக்கு வந்த துணி உன்னோடு எரிந்து போயிற்று. பிள்ளையின் முடியையும் எடுத்துக்கொண்டாய், துணியையும் எடுத்துக்கொண்டாய். சாவு வீட்டில் நான் அழவில்லை. எல்லாரும் கவனித்தார்கள், பேசவும் செய்தார்கள்.

இனி நீ போன பிறகு நடந்தது. போன மாதம் அத்தான் என் அறைக்கு வந்தார். நீ அவர் கனவில் வந்து தலையைத் தடவித் தடவிக் காட்டுகிறாயாம். "மிச்ச மொட்டையக் கேக்குறாம்மா. திதிக்கு முன்னால திருவிழாவுல ஒண்ணாவது குடுத்துடுவோம். அவ ஆத்மா அலையுது" என்றார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் மீனா, தமிழ் பாதி பர்மா பாதியாக, "பெரியம்மா கேட்டா குடுத்துட்டுப் போறேன்மா. வளரும்ல" என்றாள்.

பதினைந்து வயது அவளுக்கு. எவ்வளவு அழுது கற்றுக்கொண்ட தலை. உனக்கென்றால் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். எப்படி வளர்த்து வைத்திருக்கிறாய் பார் உன் மேல் பாசத்தை. நான் எவ்வளவோ சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சவும் செய்தேன். அவள் கேட்கவில்லை. திருவிழாவுக்கு முதல் நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பின்னலாக அவிழ்த்தாள், நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

போன ஞாயிறு கியாக்தான் பஸ் ஏறினோம். அத்தான் உன் மாம்பழ நிறப் பட்டுச்சேலையைப் பையில் கொண்டு வந்திருந்தார், மொட்டைக்குப் பிறகு மீனாவுக்குக் கொடுக்க. கோயிலில் மொட்டை அடிக்கிறவர் தண்ணீர்க் கிண்ணத்தோடு பலகையைத் தட்டி, "யாருக்கு?" என்றார். மீனா உட்காரப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து அப்பால் நிறுத்திவிட்டு அந்தப் பலகையில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கா நேர்ந்தா? புள்ளைக்குல்ல நேர்ந்தா?" அத்தானுக்கு வாய் குழறியது.

"அவ நேர்ந்தது என்னக் கேட்டு நேரல. நான் குடுக்குறதும் அவளக் கேட்டுக் குடுக்கல. நீங்க அடிங்கண்ணே" என்றேன்.

என் முடி உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ எண்ணெய் வைத்து வாரிய முடி. இடுப்பைத் தாண்டியதும் அடுத்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிய முடி. படிந்த முடி, நேரான முடி, உனக்குப் பிடித்த முடி. அதைத்தான் கொடுத்தேன், எடுத்துக்கொள். தண்ணீர் பட்டதும் உடம்பு கூசியது, அப்புறம் கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. பாதியிலேயே அத்தான் தூணில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். முடி வாங்குகிற ஆள் நீளத்தைப் பார்த்துச் சாக்கோடு கிட்டே வந்தான். மீனா அவனை முந்திக்கொண்டு குனிந்து எல்லாவற்றையும் வாரித் தன் துண்டில் சுருட்டிக்கொண்டாள்.

அப்புறம் என் மொட்டையைப் பார்த்து அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "வெயில் சுடும்மா, கட்டிவிடுறேன்" என்று அத்தானின் பையிலிருந்து உன் பட்டுச்சேலையை எடுத்து, முந்தானைப் பக்கம் பல்லால் கடித்து டர்ரென்று கிழித்தாள். அத்தானுக்கு உயிரே போய்விட்டது. எனக்குக் குளிர்ந்தது அக்கா, பொய் சொல்லமாட்டேன். பட்டு வழுக்கியது, கெலே மாதிரி நிற்கவில்லை. எப்படிக் கட்டுவது என்று கேட்க மீனா அத்தையை ஃபோனில் கூப்பிட்டாள்.

அண்ணி திரையில் வந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்க வந்த முகம் அப்படியே நின்றது. பிறகு அன்று கேட்டதுபோலவே மெதுவாகக் கேட்டாள்.

"யார் செத்தது?"

"எங்க அக்கா" என்றேன். தமிழில்தான் வந்தது. மீனா இங்கிலீஷில் சொல்வதற்குள் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. நீ போன செய்தி அவளுக்கு முன்பே தெரியும், நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பலகையில் உட்கார்ந்தபடியே அழுதேன், கோயில் கூட்டம் முழுக்கப் பார்க்க. அண்ணி ஃபோனை வைக்காமல் நான் முடிக்கும்வரைக்கும் இருந்தாள். பிறகு வழுக்குகிற துணியை எப்படி இரண்டு சுற்றுச் சுற்றி நெற்றியில் இறுக்குவது என்று மீனாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கட்டி முடித்ததும் காது சுட்டது, தலை தானாக நிமிர்ந்துகொண்டது. உனக்கும் அப்படித்தான் இருந்ததா?

அழுதேன் என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சுவர்ப் பக்கம் நீ திரும்பிப் படுத்தது அப்படியே இருக்கிறது எனக்குள். மீனாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, அதனால் இந்தக் கடிதத்தை அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவேன், ஒரு வரி விடாமல். அவள் உனக்காகப் பரிந்து பேசுவாள், அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சம் ஒரு மொட்டை இருக்கிறது. அத்தானைக் கொடுக்கச் சொல்லலாம் என்றால் அவர் தலையில் கொடுக்க என்ன இருக்கிறது? அதனால் என் முடி வளரட்டும், வளர்ந்ததும் அதையும் நானே கொடுக்கிறேன், இது சத்தியம். மீனாவின் தலைப் பக்கம் மட்டும் வராதே. அவள் மறுபடி பின்ன ஆரம்பித்துவிட்டாள், இதோ என் காலடியில் உட்கார்ந்து நாலாவது வரிசைக்கு வகிடெடுக்கிறாள். கனவில் வந்துதான் தீருவேன் என்றால் அத்தானைப் படுத்தாதே, என்னிடம் வா. வரும்போது அந்தக் கெலேயைக் கட்டிக்கொண்டே வா. எப்படி இருக்கிறாய் என்று அன்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோபம் தீராமல்,
உன் மொட்டைத் தங்கச்சி
செல்வி